வாப்பாவின் விரிப்புக்குள் ஒரு ஸ்டாம்பு

எனக்குக் கோபம் சட்டென்று வந்துவிடும். வியப்பு அப்படி வராது. வருஷக்கணக்கில் ரேடியோ அலைகளைப் பாடம் நடத்தியவளுக்கு, அவை சுவரைத் தாண்டுவதும் கடலைத் தாண்டுவதும் கோட்டுச்சேரி பஸ் வந்து நிற்பதுபோல அன்றாட விஷயமாகிவிட்டிருந்தது. அதனால்தான் அந்த மதியம் கல்லூரி ஆய்வகத்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு நான் எழுந்து நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது.

மேஜைமேல் தபால்தலை அளவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதன்மேல் முறுக்குப் பிழிந்ததுபோல வளைந்து வளைந்து போகும் செம்புக் கோடு. அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, சிப் கிடையாது, ஒயர் கிடையாது. கீழே விழுந்தால் குப்பை என்று பெருக்கித் தள்ளிவிடுவார்கள். இரண்டு முறை அப்படியும் நடந்திருக்கிறது. நான் குனிந்து அதன்மேல் வாயால் ஊதினேன். ஒரு சாண் தள்ளி ஆன்டெனா இருந்தது. திரையில் ஓடிக்கொண்டிருந்த கோட்டில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. என் மூச்சின் சூட்டுக்கு ஒரு பள்ளம் நகர்ந்தது, மூச்சின் ஈரத்துக்கு மற்றது நகர்ந்தது. சற்று நேரத்தில் இரண்டும் பழைய இடத்துக்கே திரும்பி வந்து நின்றன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்தில் யாரும் இல்லாததால் மறுபடியும் ஊதினேன்.

விஷயம் இதுதான். துணிக்கடைகளில் சட்டையோடு தொங்கும் டேக்குகள் சிலவற்றில் பொட்டளவு சிப் ஒன்று இருக்கும். கேட்கும் கருவிக்கு அதுதான் பதில் சொல்லும். நான் செய்தது சிப் இல்லாத டேக். தாழ்ந்த சுருதியிலிருந்து, அதாவது குறைந்த அதிர்வெண்ணிலிருந்து, உயர்ந்த சுருதிவரை ரேடியோ அலைகளை வரிசையாக அதன்மேல் அனுப்ப வேண்டும். செம்புக் கோட்டின் நீளத்துக்குப் பொருந்திய சுருதி வரும்போது, அது மட்டும் டேக்கில் மாட்டிக்கொள்ளும். திரும்பி வரும் அலையில் அந்த இடம் குறைந்து பள்ளமாகத் தெரியும். கோட்டின்மேல் ஈரத்தை உறிஞ்சும் ஒரு பூச்சைப் பூசிவிட்டால், ஈரம் ஏற ஏறப் பள்ளம் இடம்பெயரும். எவ்வளவு பெயர்ந்தது என்று அளந்தால் எவ்வளவு ஈரம் என்று தெரிந்துவிடும். தானாக அது எதையும் சொல்லாது. கேட்டால்தான் சொல்லும்.

இதை நான் ஆய்வுக்கு எடுத்தது கிடங்கு மூட்டைகளை மனதில் வைத்து. மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கலாம் அல்லவா? அப்போது வாப்பா நடமாடிக்கொண்டிருந்தார்.

வாப்பா துபாயில் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். படுக்கை விரிப்புகள்தான் அவர் பிரிவு. மெஷினிலிருந்து வந்த விரிப்பை உள்ளங்கையால் தொடமாட்டார். புறங்கையை வைத்துத்தான் பார்ப்பார். உள்ளங்கை வேலை செய்து மரத்துப்போனது, புறங்கைதான் உள்ளதைச் சொல்லும் என்பார். ஊரோடு வந்து சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. உம்மா கொடியிலிருந்து அள்ளிக்கொண்டு வரும் துணியைப் புறங்கையால் தொட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் காயணும்" என்று திருப்பிக் கொடுப்பார். உம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "கடக்காத்து அடிக்கிற ஊர்ல இதுக்கு மேல எங்க காயும்? துபாய்லேர்ந்து வெயில வரவழைங்க" என்பார்.

ஒருநாள் விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போனவர் குழாயடியில் சரிந்தார். பக்கவாதம். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. இடது கையும் கண்களும் மிஞ்சின. "ம்" என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அது ஆமாவா, இல்லையா, வலியா என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. சில மாதத்தில் நாங்கள் அதைக் காதில் வாங்குவதையே விட்டுவிட்டோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது.

சிறுநீரும் அவர் கட்டுப்பாட்டில் இல்லை. டயப்பர் ஒத்துக்கொள்ளவில்லை, எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டே நாளில் தொடையிடுக்கு வெந்துபோனது. மாட்டிவிட்டாலும் இடது கையால் பிய்த்து எறிந்தார். கடைசியில் ரப்பர் ஷீட், அதன்மேல் மடித்துப் போட்ட பருத்தி விரிப்பு என்று மாறினோம். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். நனைந்ததா இல்லையா என்று பார்க்க உம்மா போர்வைக்குள் கையை விடுவார். பகலில் இடையிடையே பார்ப்பார், தொழுகைக்கு அழைக்கும் ஒவ்வொரு பாங்குக்கு முன்னாலும் கட்டாயம் பார்ப்பார். ஏனென்றால் வாப்பா தொழுகையை விடவில்லை. படுத்தபடியே, குனிவதற்கும் சிரம் பணிவதற்கும் பதிலாக இமைகளைத் தாழ்த்தித் தொழுதார். சுத்தமான விரிப்பில் இருந்தால்தான் இமை மூடும்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் பார்க்க வந்தவர் ஆறுதலாகச் சொன்னார். "நோயாளிக்குச் சலுகை இருக்கு. இருக்குற நெலமையிலேயே தொழுவலாம். அல்லாஹ் ஏத்துக்குவான்." வாப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அன்று பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில் விரிப்பு நனைந்திருந்தது. அதை மாற்றும்வரை கண்ணை மூடாமல் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சலுகை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் தேவைப்படவில்லை.

ஆனால் உம்மாவின் கை உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போகும். அடுத்தவர் படுத்தெழுந்த ஆயிரக்கணக்கான விரிப்புகளை வெளுத்துக் கொடுத்த மனுஷன், தன் விரிப்பை இன்னொருவர் தடவிப் பார்ப்பதைச் சகிக்க முடியாமல் கிடந்தார். எனக்கு அந்த முகத்தைத் திருப்புவதுதான் தாங்கவில்லை. கைவைக்காமல் தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டும். அன்றிலிருந்து என் ஆராய்ச்சிக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

ஈரம் பட்டால் கத்தும் பேட்டரி அலாரம் கடையில் கிடைக்கத்தான் செய்கிறது. வாங்கிக்கொண்டு வந்தேன். உம்மா அதை வாசலோடு நிறுத்திவிட்டார். "ஈரத்துக்கு அடியில கரண்டா? வாப்பாவ என்ன பண்ணலாம்னு இருக்கே?" என்றார். போதாக்குறைக்கு அது கத்தினால் தெருவுக்கே கேட்கும். வாப்பாவின் மானத்தைக் காப்பாற்ற வாங்கியது அதை ஏலம் போடும் என்று எனக்கே உறைத்தது. பேட்டரி இல்லாத, சத்தம் போடாத, துணியோடு துணியாகக் கிடக்கும் ஒன்று வேண்டும். அப்படி ஒன்றைத்தானே நான் ஆய்வகத்தில் கட்டிக்கொண்டு அழுகிறேன்?

என் வழிகாட்டிப் பேராசிரியர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தீஸிஸுக்கா, வீட்டுக்காம்மா?"

"ரெண்டுக்கும்தான் சார்."

"அப்ப மொதல்ல அளவக் கொறைங்க. உள்ளங்கை அகலத்துக்கு பிளாஸ்டிக்க முதுகுக்கடியில வெச்சா நீங்க படுப்பீங்களா?"

அவர் கேட்டது நியாயம். என் டேக் அப்போது உள்ளங்கை அளவில் இருந்தது. படுத்த படுக்கையாக இருப்பவரின் தோலுக்கு ஒரு மடிப்பே போதும், புண்ணாகிவிடும். ஆனால் கோட்டின் நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறிவிடும். அலையை அனுப்பித் திரும்பப் படிக்க எங்களிடம் இருந்த சின்னக் கருவிக்கு அவ்வளவு உயரம் எட்டாது. நீளமும் குறையக் கூடாது, இடமும் அடைக்கக் கூடாது. ஒரே வழி மடிப்பதுதான். ஆறு கஜப் புடவை மடித்தால் கைக்குள் அடங்கிவிடுகிறதே என்று மடித்தேன். புடவைக்கு இல்லாத வம்பு செம்புக்கு உண்டு. பக்கத்துப் பக்கத்து மடிப்புகள் ஒன்றோடொன்று ரகசியம் பேச ஆரம்பித்துவிடும். பள்ளம் எங்கேயோ போய் விழும். கணினியில் ஒரு மடிப்பைத் தள்ளுவேன், இன்னொன்று கெட்டுப்போகும். ஒரு கட்டத்தில் சுட்டியைத் தூக்கி எறிந்து உடைத்தேன். என் கோபத்துக்கு ஆய்வகம் கொடுத்த விலைகளில் அதுதான் மலிவு.

ஐந்து மாதத்துக்குப் பிறகு, வெளிவட்டம் ஈரத்துக்கு, உள்வட்டம் சூட்டுக்கு என்று தபால்தலை அளவுக்குள் இரண்டும் அடங்கின. வெளிவட்டத்தின்மேல் பசை போன்ற ஈரமுறிஞ்சும் பூச்சு. உள்வட்டத்தின்மேல் சூட்டுக்கு மாறும் ஒரு பொருளும், அதற்குள் ஈரம் புகாமல் ஒரு வார்னிஷும். அந்த வார்னிஷ் மட்டும் சரியாக அமையவில்லை. எங்கள் ஊர்க் காற்று எப்படியாவது உள்ளே புகுந்துவிடும். கொஞ்சம் பிழை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அளவு சரியா என்று பார்க்க ஒரு பழைய முறை உண்டு. உப்பில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சேறுபோலக் குழைத்து, மூடிய டப்பாவுக்குள் வைத்துவிட வேண்டும். உள்ளே உள்ள காற்றின் ஈரம் எழுபத்தைந்து சதவீதத்தில் வந்து நின்றுகொள்ளும். சமையலறை உப்புதான். காரைக்காலில் வைத்தாலும் காஷ்மீரில் வைத்தாலும் கிட்டத்தட்ட அதே எழுபத்தைந்து. இதைப் படித்துத் தேர்வெழுதி மதிப்பெண்ணும் வாங்கியவள்தான் நான். ஆனால் என் டேக்கை டப்பாவுக்குள் போட்டு மூடி, பள்ளம் நகர்ந்து நகர்ந்து போய் ஓரிடத்தில் ஆணியடித்ததுபோல நின்றபோதுதான் அதை நம்பினேன். ஒரு பிடி உப்பு தன் சுற்றுக்காற்றை இப்படிக் கட்டுக்குள் வைத்திருக்கிறதே என்று டப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் வேறு தொல்லை. ஆஸ்பத்திரி மாதிரி இரும்புக்கட்டில் வாங்கிப் போட்டிருந்தோம். இரும்பு அலையைத் திருப்பி அடித்தது. பரணிலிருந்த மரக்கட்டிலை இறக்கினோம். பலகைக்கு அடியில் ஆன்டெனாவைக் கட்டினேன். அதன் ஒயர் தரையோடு போய்க் கூடத்து மேஜையில் இருந்த கருவியில் சேரும். அது அனுப்பும் அலை செல்போன் அனுப்புவதைவிடப் பல மடங்கு குறைவு என்று உம்மாவிடம் சத்தியம் செய்தேன். மெத்தைக்கு மேலே டேக் மட்டும்தான். ஆவியை உள்ளே விட்டு நீரைத் தடுக்கும் மெல்லிய உறைக்குள் போட்டு, விரிப்பின் அடிப்புறம் உம்மா தைத்த சின்னப் பைக்குள் இருக்கும். விரிப்பை மாற்றும்போது டேக்கை எடுத்து அடுத்த விரிப்பில் போட வேண்டும். உம்மா அதை ஸ்டாம்பு என்றார். பெயர் நிலைத்துவிட்டது.

"உம்மா, ஒண்ணே ஒண்ணு. இத தண்ணியில மட்டும் போட்றாதீங்க. பூச்சு போயிடும்" என்றேன்.

"அப்ப எப்புடிக் கழுவுறது?"

"கழுவவே வேணாம். ஈரத் துணியால லேசாத் தொடைங்க, போதும்."

உம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அது மழைக்காலம். எங்கள் ஊரில் அந்தச் சமயம் சுவரே வியர்க்கும். ஈரம் என்று பார்த்தால் எல்லாமே ஈரம்தான். அதனால் இன்னொரு ஸ்டாம்பை ஜன்னல் ஓரத்தில் தனி ஆன்டெனாவோடு தொங்கவிட்டேன். அது வானிலையைச் சொல்லும். படுக்கை சொல்வதிலிருந்து அதைக் கழித்துவிட்டால் மிச்சம் வாப்பாவின் கணக்கு. சூட்டு வட்டம் அங்கேதான் கைகொடுத்தது. வியர்வை என்றால் ஈரம் மெல்ல மெல்ல ஏறும். மற்றது என்றால் முதலில் சூடு குதிக்கும், அதன் பின்னாலேயே ஈரம் குதிக்கும். ஒரு உடம்பின் உள்ளே நடந்ததை ஒரு செம்புக் கோடு கூடத்துக்கு வந்து சொல்வதை முதல் தடவை பார்த்தபோது, நான் வாயைப் பொத்திக்கொண்டேன். உம்மா புது விரிப்போடு தற்செயலாக வருவதுபோல உள்ளே போனார். தேடவில்லை, தடவவில்லை. மாற்றிவிட்டு வந்தார்.

அன்று அஸருக்குப் பாங்கு சொன்னது. உம்மா கூடத்தில் திரையைப் பார்த்தார். ஈரத்தைக் காட்டும் கோடு ஏறாமல் நேராக இருந்தது. அறை வாசலில் நின்று, "சுத்தமா இருக்கீங்க. தொழுவுங்க" என்றார். வாப்பா உம்மாவின் கையைப் பார்த்தார். கை உள்ளே வரவில்லை. மறுபடி உம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுவது சினிமாவில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

மூன்று வாரம் இப்படிப் போனது. அப்புறம் வாப்பாவுக்குத் திடீரென்று நல்லகாலம் வந்ததுபோல இருந்தது. பகல்முழுக்க அந்த ஈரக் கோடு அசையவே இல்லை. உம்மா போய்ப் போர்வையைத் தூக்கும் வேளைகளில், அதாவது காலையில் உடம்பு துடைக்கும்போதும் மாலையில் படுக்கை தட்டிப்போடும்போதும், விரிப்பு சில சமயம் நனைந்திருந்தது. "இப்பத்தான் போயிருப்பாங்க" என்றார் உம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். வெளியே அடைமழை. ஜன்னல் ஸ்டாம்பு ஈரம் என்று கதறியது. படுக்கை ஸ்டாம்பு காய்ந்திருக்கிறது என்றது. ஜன்னலைவிடப் படுக்கை காய்ந்திருக்குமா என்று ஒரு பள்ளிப்பிள்ளை கூடக் கேட்டிருக்கும். உடம்புச் சூட்டில் காய்ந்திருக்கும் என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன். சூட்டு வட்டம் அவ்வப்போது குதித்தது. புரண்டு படுத்திருப்பார் என்று நோட்டில் எழுதினேன். கட்டுப்பாடு திரும்புகிறது என்று பேராசிரியருக்குப் போன் செய்து பெருமை வேறு பேசினேன்.

வாப்பா மட்டும் மாறிப்போனார். உம்மா வாசலில் நின்று சுத்தமாக இருக்கிறீர்கள் என்பார். அவர் கண்ணை மூட மாட்டார். "ம்" என்பார். மறுபடியும் "ம்." உம்மா சலித்துக்கொள்வார். "என்னமோ முரண்டு பண்றாங்க" என்று என்னிடம் சொன்னார். நண்பகல் லுஹர் தொழுகை ஒன்று போனது, ஒரு அஸர் போனது. அடுத்த நாளும் அப்படியே. விழுந்த நாளிலிருந்து ஒரு வேளையும் விடாத மனுஷன்.

மூன்றாம் நாள் அஸருக்கு நானே போய் நின்றேன். எனக்கு எரிச்சல். அல்லும் பகலும் உழைத்துச் செய்துகொடுத்ததை இவர் மதிக்கவில்லையே என்ற எரிச்சல்தான், வேறு பேர் வைத்துச் சொல்ல முடியாது. "வாப்பா, ஏன் இப்புடி அடம் பண்றீங்க? சுத்தமாத்தான் இருக்கீங்க. மெஷினே சொல்லுது. தொழுவுங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

வாப்பா என்னைப் பார்த்தார். இடது கையைத் தூக்கி என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி பலமாக இருந்தது. என் கையைத் திருப்பினார். உள்ளங்கை மேலே வரும்படி. அப்படியே இழுத்துப் போர்வைக்குள் கொண்டுபோய், என் புறங்கையை விரிப்பின்மேல் வைத்து அழுத்தினார்.

சில்லென்று இருந்தது. இப்போது நனைந்ததல்ல. வெகுநேரமாக நனைந்து, சூடு போய், குளிர்ந்து கிடந்த ஈரம்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை உள்ளே வருவதற்குக் கூசிக் கூசி அழுத மனுஷன், மகளின் கையைத் தானே உள்ளே இழுத்து வைத்திருந்தார். தொழுகை தப்பிப்போவதைவிட அந்த வெட்கம் அவருக்குச் சின்னதாகிவிட்டிருந்தது. ரேடியோ அலையையும் உப்பையும் பார்த்து வியந்தவள், இப்போது அந்தக் கைப்பிடியை வியந்தேன். எத்தனை வேளை அவர் அந்த ஈரத்தில் கிடந்தபடி, சுத்தமாக இருக்கிறீர்கள் என்று வாசலிலிருந்து நாங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார்? "மாப்பு வாப்பா" என்றேன். விரிப்பை நானே மாற்றினேன்.

ஸ்டாம்பை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். சாம்பிராணி மணத்தது. கூடத்துக்குப் போனேன். மூலையில் உம்மாவின் தணல் சட்டி இருந்தது. மழைக்காலத்தில் துணிகளுக்கெல்லாம் புகை காட்டும் சட்டி.

"உம்மா, இதுக்குப் புகை காட்டுனீங்களா?"

"காட்டாம? நீ தண்ணியில நனைக்காதேன்னுட்டே. மூத்திரம் பட்டு நஜீஸானத அப்புடியே தொழுவுற மனுஷனுக்கு அடியில வைக்கச் சொல்றியா? தொடச்சிட்டு, உறையக் கழட்டிட்டு, இடுக்கியில புடிச்சு நல்லாப் புகை காட்டித்தான் வைக்கிறேன். ஒவ்வொரு தடவையும்." சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

திட்டுவதற்கென்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். கழுவாதே என்று சொன்னது நான். கழுவாத ஒன்றைச் சுத்தம் என்று நம்ப அந்த வீட்டில் யாராலும் முடியாது என்பது, அதே வீட்டில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உம்மா சுத்தத்துக்காகச் செய்ததுதான் வாப்பாவை அசுத்தத்தில் கிடத்தியது. புகை பூச்சை அடைத்திருக்கும், வாப்பா ஈரத்திலேயே கிடந்திருக்கிறார் என்று சொன்னேன். உம்மா இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு வாப்பாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் ஆய்வகத்தில் அந்த ஸ்டாம்பை உப்பு டப்பாவில் போட்டேன். பள்ளம் அசையவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால், பூச்சின்மேல் தேன் நிறத்தில் பளபளவென்று ஒரு படலம். சாம்பிராணிப் பிசின் புகையாக எழுந்து, படிந்து படிந்து, ஒரு பொட்டு ஈரம்கூட நுழைய முடியாதபடி மூடியிருந்தது. மூன்று நாள் டப்பாவில் வைத்தேன். ஊஹும். உள்வட்டத்தின் சூட்டுப் பள்ளமும் முதல் தடவையாகத் துல்லியமாக நின்றது. காற்றின் ஈரம் புகுந்து கெடுத்த அந்தப் பழைய பிழை காணாமல் போயிருந்தது. விலை கொடுத்து வரவழைத்த வார்னிஷால் ஆகாததை உம்மாவின் தணல் சட்டி செய்திருக்கிறது. எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பேராசிரியர் லென்ஸில் பார்த்துவிட்டு, "இதக் கண்டுபுடிச்சது யாரு?" என்றார். "எங்க உம்மா சார், தெரியாம" என்றேன்.

இப்போது நான் செய்யும் டேக்குகளில் உள்வட்டத்துக்கு மட்டும் சாம்பிராணியை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுகிறேன். ஆய்வேட்டில் அது இயற்கைப் பிசின் என்று கௌரவமாக நிற்கிறது. வெளிவட்டத்துக்குத் தண்ணீரில் கரையாதபடி பூச்சைப் பக்குவப்படுத்தக் கற்றுக்கொண்டேன். உம்மா ஸ்டாம்பை மூன்று முறை தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி எடுத்துவைக்கிறார். தணல் சட்டி துணிகளோடு நின்றுகொள்கிறது. "அந்தப் பொஸ்தவத்துல என் பேரப் போட்டியா?" என்று நேரம் கிடைக்கும்போதெல்லாம் கேட்கிறார்.

ஸ்டாம்பு இன்றும் வேலை செய்கிறது, நன்றாகவே செய்கிறது. வாப்பா தூங்கும்போது நனைந்தால் கூடத்துத் திரையில் எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஈரத்தில் அவர் கிடக்கும் நேரம் சில நிமிஷம்தான். காய்ச்சல் காய்ந்ததை ஒரு தடவை எங்களுக்கு முன்னால் கண்டுபிடித்தது. அந்தச் செம்புக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் எனக்கு மயிர்க்கூச்செறியத்தான் செய்கிறது. ஆனால் பாங்கு சொன்னதும் உம்மா திரைக்கு முன்னால் போய் நிற்பதில்லை. வாப்பாவின் அறை வாசலில் போய் நின்று கேட்கிறார்.

"சுத்தமா இருக்கீங்களா?"

விழுந்த நாளிலிருந்து அவரைப் பற்றி எங்களுக்குள் எத்தனையோ பேசியிருக்கிறோம். அவரிடம் கேட்டதில்லை. பேச்சுப் போனவரிடம் என்ன கேட்பது என்று இருந்துவிட்டோம். வாப்பா இடது கையைப் போர்வைக்குள் விட்டு, புறங்கையை விரிப்பில் வைத்து, அவசரமில்லாமல் பார்க்கிறார். கையை வெளியே எடுத்து ஒரு விரலைத் தூக்கினால் சுத்தம். தூக்காவிட்டால் மாற்ற வேண்டும். அவர் சொன்ன பிறகுதான் நான் திரையைப் பார்க்கிறேன்.